நம் வீட்டு அழுக்கு எங்கே போகிறது?

அண்ணல் அம்பேத்கர் நினைவு நாள் உரை, ஓசூர்



டிசம்பர் 6 அன்று இந்த மேடையில் இட ஒதுக்கீடு, நிலவுரிமை, தலித் இலக்கியம் என்று பேசிக் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். இந்த ஆண்டு வீடு கூட்டுவது, பாத்திரம் கழுவுவது, கக்கூஸ் கழுவுவது பற்றிப் பேசப் போகிறோம் என்று சொன்னபோது சில தோழர்கள் சிரித்தார்கள். நினைவுச் சொற்பொழிவுக்கு இதுதானா தலைப்பு என்று கேட்டார்கள். எங்களில் பலருடைய அம்மாக்கள் இந்த வேலைகளைச் செய்துதான் எங்களைப் படிக்க வைத்தார்கள். அந்த வேலைக்கு ஒரு மணி நேர மேடை கொடுப்பதில் பாபாசாகேப்புக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

இன்று பத்திரிகைகளிலும் கைப்பேசியிலும் இயற்கையோடு இயைந்த வீட்டுப் பராமரிப்பு என்று நிறையக் குறிப்புகள் வருகின்றன. எலுமிச்சைத் தோலை ஊற வையுங்கள், பூந்திக்கொட்டையைக் கொதிக்க வையுங்கள், ரசாயனத்தைத் தவிருங்கள் என்கிறார்கள். குறிப்புகளில் பலவும் நல்லவைதான். ஆனால் எதைக் கொண்டு தேய்ப்பது என்று சொல்லும் அந்தக் குறிப்புகள், தேய்ப்பது யார் என்று சொல்வதில்லை. கழுவிய தண்ணீர் எங்கே போகிறது, கட்டி வைத்த குப்பையை யார் பிரிக்கிறார்கள் என்றும் சொல்வதில்லை. இந்த மூன்று கேள்விகளோடுதான் வந்திருக்கிறோம்.

அழுக்கும் தீட்டும்

1927 மார்ச் 20. மகாராஷ்டிரத்தின் மகாத் நகரில் சவுதார் குளத்துக்கு அம்பேத்கர் தலைமையில் சென்று நம் மக்கள் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். ஆடுமாடுகள் குடித்த குளம்தான் அது. அப்போதெல்லாம் அசுத்தமாகாத தண்ணீர், மனிதர்கள் குடித்ததும் அசுத்தமானது. பிறகு சாதி இந்துக்கள் 108 பானைகளில் சாணம், கோமியம், பால், தயிர் கலந்து மந்திரம் சொல்லிக் குளத்தில் ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்கள்.

சமூகவியல் வகுப்பில் மேரி டக்ளஸ் 1966-ல் எழுதிய நூலைப் படித்தோம். ஒரு பொருள் தனக்கு விதிக்கப்பட்ட இடத்தில் இல்லாதபோதுதான் அது அழுக்காகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். இலையில் இருந்தால் சோறு, சட்டையில் ஒட்டினால் அழுக்கு. இந்தியாவில் இந்த விதி பொருளோடு நிற்கவில்லை. குளத்தங்கரையில் நின்றால், கோயில் படியில் நின்றால், பெஞ்சில் உட்கார்ந்தால், மனிதரே இடம் மாறியவராகிவிடுகிறார். அழுக்கை நீக்குவதும் தீட்டைக் கழிப்பதும் வேறு வேறு வேலைகள். நம் ஊரில் இரண்டுக்கும் ஒரே சொல் வைத்திருக்கிறோம்: சுத்தம்.

அதனால்தான் 'பாட்டி காலத்துச் சுத்தம்' என்று யாராவது ஏங்கும்போது நமக்கு ஒரு தயக்கம் வருகிறது. வாசலில் சாணம் தெளித்தார்கள், சாம்பலில் பாத்திரம் தேய்த்தார்கள், பிளாஸ்டிக் இல்லை என்பதெல்லாம் உண்மை. அந்தச் சாணத்தை அள்ளி மாட்டுக் கொட்டகையைத் துடைத்துவிட்டது எங்கள் பாட்டிகள். கொட்டகைக்குள் போகலாம், வீட்டுப்படி ஏறக் கூடாது. எடுப்புக் கக்கூஸைச் சுத்தம் செய்ய வருகிறவருக்குப் பின்பக்கச் சந்து மட்டும்தான் வழி. வீடு முழுக்க இயற்கைப் பொருளாலேயே சுத்தம் செய்யப்பட்டது. அதற்காக அதை அறம் என்று சொல்லிவிட முடியுமா?

டீக்கடைத் தனிக்குவளையை நினைத்துப் பாருங்கள். நம்மவர் குடித்த குவளையை நம்மவரே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். தன் குவளையைத் தானே கழுவுவது அங்கே அவமானம். இன்று ஒரு மாணவர் விடுதியில் எல்லோரும் அவரவர் தட்டை அவரவரே கழுவினால் அது சமத்துவம். செயல் ஒன்றுதான், எல்லோரும் செய்கிறார்களா சிலர் மட்டும் செய்கிறார்களா என்பதில்தான் வித்தியாசம். சட்டத்துக்குப் பயந்து பல கடைகளில் தனிக்குவளை போய், தூக்கியெறியும் கப் வந்தது. தீண்டாமை கண்ணில் படாமல் மறைந்துகொண்டது, தெருவில் கப் குவிந்தது. அந்தக் கப்பைப் பொறுக்குவதும் பெரும்பாலும் நம் ஆட்கள்தான்.

நுரை போகும் திசை

இப்போது நம் ஆற்றுக்கு வருவோம். தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, பெங்களூரின் கிழக்குப் புறத்தை ஒட்டி இறங்கி, கொடியாளம் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அடுத்து நம் கெலவரப்பள்ளி அணை, பிறகு கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர், கடைசியில் கடலூர்க் கடல். கெலவரப்பள்ளி மதகிலிருந்து தண்ணீர் இறங்கும்போது வெள்ளை வெள்ளையாக நுரை மலை போல எழுவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். காற்றடித்தால் தரைப்பாலத்தின் மேலும் வயலிலும் பறந்து வந்து விழுகிறது. தொலைக்காட்சிக்கு அது மழைக்கால வேடிக்கை. அந்தத் தண்ணீரில் இறங்கி வேலை செய்கிறவருக்கு அது அரிப்பும் நாற்றமும்.

பெங்களூரின் பெல்லந்தூர் ஏரி 2015-ல் நுரைத்தது, தீயும் பிடித்தது. அந்த ஏரி நிரம்பினால் வர்த்தூர் ஏரிக்கு, அங்கிருந்து தென்பெண்ணைக்கு. இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் அந்த ஏரிகளின் நுரையை ஆராய்ந்து, சுத்திகரிக்காத கழிவுநீரோடு வரும் சோப்புப் பொருள்களையும் பாஸ்பேட்டையும் காரணமாகச் சுட்டினார்கள். தொழிற்சாலைக் கழிவுக்கும் பங்கு உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் நுரையில் பெரும் பங்கு வீடுகளிலிருந்து வருகிறது. துணி துவைத்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், தரை துடைத்த தண்ணீர். அங்கே ஒரு அடுக்குமாடியின் பதினான்காம் மாடி பளபளக்கிறது. அந்தப் பளபளப்பின் மிச்சம் எல்லை தாண்டி நம் கால்வாயில் வருகிறது. ஓசூரின் சாக்கடைத் தண்ணீரையும் கீழே இருக்கிற கிராமங்களுக்குத்தானே அனுப்புகிறோம்? மேட்டில் இருப்பவரைக் குறை சொல்லும்போது, நமக்குக் கீழே இருப்பவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது நினைவில் இருக்கட்டும்.

நுரை நிறைய வந்தால் நன்றாக அழுக்குப் போகும் என்று விளம்பரங்கள் நம்மை நம்ப வைத்திருக்கின்றன. அழுக்கைப் பிரித்தெடுக்கும் வேலைக்கு நுரை அவசியமில்லை. நம் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, அதனால் இன்னும் இரண்டு கை தூள் போடுகிறோம். அந்தத் தூள் துணியில் தங்கித் தோலை அரிக்கும், மீதி ஆற்றுக்குப் போகும். இப்போது பரவியிருக்கும் ஒரு 'இயற்கைக் குறிப்பு' இதைப் போலத்தான். சோடா உப்பையும் வினிகரையும் சேர்த்து ஊற்றச் சொல்கிறார்கள். பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும். ஒன்று காரம், மற்றது அமிலம். இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் உப்புத் தண்ணீர். தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டுமே நல்ல பொருள்கள்.

எங்கள் வீட்டுத் தொட்டி

அடுத்துச் சொல்லப் போவது எங்கள் தவறு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக் கழிவுத் தொட்டி நிரம்பிப் பின்னால் வழிந்தது. உறிஞ்சும் லாரி வந்தது. சந்து குறுகல், குழாய் எட்டவில்லை. அடியில் சேறு வேறு இறுகிப்போயிருந்தது. லாரியோடு வந்த பெரியவர் சட்டையைக் கழற்றிச் சுவரில் போட்டார். "தம்பி, பயப்படாதீங்க. நமக்கு இது பழக்கம்தான். இறங்கிக் கலக்கிவிட்டா முடிஞ்சிடும்" என்றார். அவர் சொன்ன 'நமக்கு' என்ற சொல் எங்களையும் சேர்த்துத்தான். எந்தச் சேரி என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அப்படிச் சொன்னார்.

நாங்கள் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. சட்டம் தெரியும், மேடையில் பேசியிருக்கிறோம், 'கக்கூஸ்' ஆவணப்படத்தை 2017-ல் ஊர் ஊராகத் திரையிட்டவர்களோடு நின்றிருக்கிறோம். ஆனாலும் நாற்றம், அக்கம்பக்கத்தார் முணுமுணுப்பு, வீட்டில் விருந்தாளிகள் என்று ஒரு நிமிடம் பேசாமல் நின்றோம். வீட்டுக் குழந்தைதான் கேட்டது: "அந்தத் தாத்தா உள்ள இறங்கப் போறாரா?" அதற்குப் பிறகுதான் எங்களுக்கு வாய் வந்தது. மறுநாள் நீளமான குழாய் வைத்த வேறு லாரி வந்து, தண்ணீர் பாய்ச்சிக் கலக்கி எடுத்தது. அந்த ஒரு நாள் பக்கத்து வீட்டுக் கழிவறையைப் பயன்படுத்தினோம். ஒரு மனிதரின் உயிருக்கு எதிர்த்தட்டில் நாங்கள் வைத்துப் பார்த்தது அந்த ஒரு நாள் சிரமம்தான்.

தொட்டியிலிருந்து என்னென்ன வந்தன தெரியுமா? ஷாம்பு பாக்கெட், நாப்கின், துடைத்துப் போட்ட துணி. எல்லாம் எங்கள் வீட்டில் இருப்பவர்கள் போட்டவைதான். வாரத்துக்கு இரண்டு முறை கக்கூஸில் ஆசிட் ஊற்றியது இன்னொரு தவறு. கழிவுத் தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான் வேலை செய்கின்றன. மலத்தைத் தின்று கரைப்பவை அவை. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் பினாயிலும் அளவில்லாமல் போனால் அவை சாகின்றன. கரைய வேண்டியது கரையாமல் சேறாகத் தங்குகிறது, தொட்டி சீக்கிரம் நிரம்புகிறது, ஆள் கூப்பிட வேண்டி வருகிறது. உள்ளே ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் அடைந்து கிடக்கின்றன. ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் மோப்பத்தையே மரக்கச் செய்துவிடும், நாற்றம் குறைந்துவிட்டது என்று தோன்றும். முதலில் இறங்கியவர் விழுவார், காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் விழுவார்கள். செய்தித்தாளில் ஒரே தொட்டியில் மூவர் சாவு என்று படிப்பதன் பின்னணி இதுதான்.

எல்லைக்கு அப்பால், நமக்கு வெகு தூரமில்லாத கோலார் தங்கவயலில் பிறந்தவர் பெஜவாடா வில்சன். வட ஆர்க்காட்டிலிருந்து போன நம் தமிழ் உழைப்பாளிகள் பூமிக்கடியில் பொன் தோண்டிய ஊர் அது. அதே ஊரில் எடுப்புக் கக்கூஸில் மலம் அள்ளியவர்களின் வீட்டில் வளர்ந்து, சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் இயக்கத்தைக் கட்டினார். 2016-ல் மகசேசே விருது பெற்றார். அந்த இயக்கம் தொடுத்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில், 1993 முதல் சாக்கடையிலும் தொட்டியிலும் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் வேறொரு வழக்கில் அது 30 லட்சமானது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் எது தெரியுமா? 2013 டிசம்பர் 6. அண்ணலின் நினைவு நாள்.

அந்தச் சட்டப்படி பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குகிற யாரும் குற்றவாளி, வீட்டுக்காரர் உட்பட. முதல் குற்றத்துக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இருந்தும் 1993-லிருந்து எடுத்து நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குகளில் தமிழ்நாடு 200-க்கும் மேற்பட்ட சாவுகளோடு முதல் இடத்தில் நின்றது. பெரியார் மண் என்று நாம் பெருமையோடு சொல்லும் மாநிலம் இது.

கை யாருடையது

நம் பகுதியில் சிப்காட் வந்து அரை நூற்றாண்டு ஆகிறது. கிராமத்தில் வேலை போனவர்கள் பாகலூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை பக்கமிருந்து ஓசூருக்கு வருகிறார்கள். ஆண்கள் ஒப்பந்த வேலைக்குப் போகிறார்கள். பெண்களில் பலர் கம்பெனிகளில் 'ஹவுஸ்கீப்பிங்'. மற்றவர்கள் அத்திப்பள்ளி வழியாகப் பேருந்து பிடித்துப் பெங்களூர் அடுக்குமாடிகளுக்கு வீட்டு வேலைக்கு. சாதி கேட்காத நவீன வேலை என்று சொல்கிறார்கள். இயந்திரத்தின் முன்னால் யார் நிற்கிறார்கள், துடைப்பத்தோடு யார் நிற்கிறார்கள் என்று எந்தக் கம்பெனியிலும் எண்ணிப் பாருங்கள். மனிதர் செய்யும் வேலையால் அல்ல, பிறப்பால் அந்த வேலைக்கு ஒதுக்கப்படுகிறார் என்று அம்பேத்கர் விளக்கியது பளிங்குத் தரையிலும் செல்லுபடியாகிறது.

அந்தப் பெண்களின் கைகளைப் பாருங்கள். கழிவறைத் திரவத்தில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விரலிடுக்கைத் தின்றிருக்கும். இன்னும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நன்றாக வெளுக்கட்டும் என்று ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டினால் குளோரின் வாயு கிளம்பும். 1915-ல் முதல் உலகப் போரில் வீரர்களைக் கொல்லத் திறந்துவிட்ட அதே வாயு. கதவடைத்த சின்னக் கழிவறைக்குள் அதை மூச்சிழுக்கிறவர் நம் அக்காவோ அத்தையோதான். கையுறையும் காற்றோட்டமும் கேட்டால் அடுத்த மாதம் வேலை இருக்குமா என்பது அவர்கள் பயம்.

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. 2018-ல் அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 40 ரூபாய்க்கும் கீழே. வீட்டுப் பணியாளர் உரிமைக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2011-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு இந்தியா இன்றுவரை ஒப்புதல் தரவில்லை. துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள், கொரோனா காலத்தில் மாலை போட்டார்கள். பணி நிரந்தரம் கேட்டு, தனியார்மயத்தை எதிர்த்து 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தபோது, நள்ளிரவில் அப்புறப்படுத்தினார்கள். மலம் அள்ளுவதைப் புனிதத் தொண்டு என்று போற்றியவர்களிடம் அம்பேத்கர் ஏன் கோபப்பட்டார் என்பது இப்படிப்பட்ட இரவுகளில் நன்றாகப் புரிகிறது.

நம் வீட்டில் தொடங்கலாம்

அப்படியானால் என்ன செய்யலாம்? எங்கள் வீடுகளில் செய்து பார்த்தவற்றைச் சொல்கிறோம்.

தரைக்குத் தினமும் பினாயில் தேவையில்லை. கூட்டிவிட்டு, ஒரு வாளித் தண்ணீரில் துளி சோப்பு விட்டுத் துடைத்தால் போதும். சலவைத் தூளைப் பாதியாகக் குறையுங்கள், துணியை முன்பே ஊற வையுங்கள். குழாயிலும் டைல்ஸிலும் படியும் வெள்ளைக் கறை நம் தண்ணீரின் சுண்ணாம்புதான். கிருஷ்ணகிரிப் புளி நம் வீட்டில் இருக்கிறது. புளிக் கரைசலோ எலுமிச்சையோ தடவி அரை மணி நேரம் விட்டுத் தேயுங்கள், பளிங்குக் கல்லில் மட்டும் வேண்டாம், அமிலம் அதை அரித்துவிடும். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடா உப்பு. பூந்திக்கொட்டைத் தண்ணீர் பாத்திரத்துக்கும் துணிக்கும் நல்லது. ஆனால் அதன் சாறு மீனுக்கு நஞ்சு, இயற்கை என்பதற்காக அதையும் அளவில்லாமல் கொட்டக் கூடாது. வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் மட்டும் கரைத்துப் பயன்படுத்துங்கள், வேறு எதோடும் சேர்க்க வேண்டாம்.

கழிவறையைப் பயன்படுத்தியவரே பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு வர வேண்டும். தினமும் தேய்த்தால் கறை பிடிக்காது, ஆசிட் தேவைப்படாது. நாப்கினும் துணியும் உள்ளே போகக் கூடாது. நாப்கினைக் காகிதத்தில் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு குறி போட்டுத் தனியாகக் கொடுங்கள். உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி இவற்றை அட்டையில் கட்டி மேலே எழுதிக் கொடுங்கள். பையைப் பிரிக்கிற கைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை, ஆபத்தான குப்பை என்று பிரித்துத் தருவது 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளிலேயே வீட்டுக்காரரின் கடமையாகச் சொல்லப்பட்டது. கழிவுத் தொட்டியை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, வழியும் முன்பே, இயந்திரத்தால் எடுக்க வேண்டும். 14420 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். குழாய் எட்டவில்லை என்றால் காத்திருங்கள்.

இதைக் கேட்டு ஒரு தோழி கேட்டார்: "எட்டுக் குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ் உள்ள லைன் வீட்டில் இதையெல்லாம் எப்படிச் செய்வது?" நியாயமான கேள்வி. மாடித் தோட்டமும் உரத் தொட்டியும் இடமுள்ளவர்களுக்கு. லைன் வீட்டில் முதல் வேலை வீட்டுக்காரரிடம் இன்னொரு கழிவறை கேட்பது. சுழற்சி முறையில் கழுவும் பட்டியலைக் கதவில் ஒட்டுவது அடுத்த வேலை. அந்தப் பட்டியலில் ஆண்களின் பெயரும் இருக்க வேண்டும்.

அதைச் சொல்லாமல் இந்த உரையை முடிக்க முடியாது. சாதி ஒழிப்புக் கூட்டத்திலிருந்து இரவு திரும்பி, சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுவிட்டு எழும் தோழர்கள் நம்மிடையே நிறைய. அந்தத் தட்டை எடுப்பவர் பகலெல்லாம் வேறொரு வீட்டில் தட்டு எடுத்துவிட்டு வந்தவர். தான் தொட மாட்டாததை இன்னொருவர் தொட வேண்டும் என்று பிறப்பை வைத்துச் சொன்னால் அது சாதி. மனைவி என்பதற்காகச் சொன்னால் அதற்கு வேறு பெயர். பழக்கம் ஒன்றுதான்.

வீட்டில் நாம் திருந்தினால் மட்டும் போதும் என்று சொல்ல வரவில்லை. பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விடுவதை எலுமிச்சைத் தோல் நிறுத்தாது. சுத்திகரிப்பு நிலையங்கள், குறுகிய சந்துக்கும் எட்டும் இயந்திரங்கள், நிரந்தர வேலை, வாழத் தகுந்த கூலி இவற்றை இரண்டு மாநில அரசுகளிடமும் தெருவில் இறங்கிக் கேட்க வேண்டும். கேட்கப் போகிற நாம், நம் தொட்டிக்குள் ஒரு பெரியவரை இறக்கிவிட்டுப் போக முடியாது.

தகழி 1947-ல் எழுதிய 'தோட்டியின் மகன்' சுந்தர ராமசாமி வழியாகத் தமிழுக்கு வந்தது. மலம் சுமந்தவரின் வாழ்க்கை எழுத்தாகிவிட்டது. அதை அனுப்பிவைத்த வீட்டின் கதையை இனி நாம் எழுத வேண்டும், மாணவர்கள் முதலில் தங்கள் வீட்டிலிருந்தே தொடங்கலாம். உங்கள் வீட்டுத் தண்ணீர் எந்தக் கால்வாயில் சேர்கிறது, குப்பையை எடுக்க வருகிறவரின் பெயர் என்ன, அவருக்கு மாதம் எவ்வளவு கூலி, கடைசியாகத் தொட்டியைச் சுத்தம் செய்தது யார் என்று விசாரித்து நான்கு பக்கம் எழுதிக் கொண்டு வாருங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் அதைப் படிப்போம்.

இன்று கூட்டம் முடிந்ததும் டீ உண்டு. எவர்சில்வர் டம்ளர்தான். குடித்துவிட்டு அவரவர் டம்ளரை அவரவர் கழுவி வைத்துவிட்டுப் போவோம், மேடையில் இருக்கிறவர்களும் சேர்த்து.

ஜெய்பீம்.